கீழ கருப்பா நிக்கற அந்த ஆள்

மொதல் தடவ இந்த ஓவியத்தப் பாத்தது போன்லதான். யாரோ ஷேர் பண்ணியிருந்தாங்க, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம், மேல பூரா சாம்பலும் நீலமும் கலந்த வானம், அதுக்குக் கீழ இருட்டா ஒரு பட்டை, அதுக்கும் கீழ வெளிறிப்போன மணல் திட்டு, மணல்ல ஒரு சின்ன கருப்புப் புள்ளி. ஸ்க்ரீன்ல தூசுன்னு நெனச்சு விரலால தேச்சேன், படம் நகர்ந்துச்சு, தூசும் கூடவே நகர்ந்துச்சு. அப்பறம்தான் ரெண்டு விரல வெச்சுப் பெருசாக்கிப் பாத்தேன். ஆள். நமக்கு முதுகக் காட்டிட்டு கடலப் பாத்து நிக்கற ஒரு ஆள், நீளமா ஒரு கருப்பு அங்கி, தலையில ஒண்ணும் போடல.

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிக் வரைஞ்ச 'கடலோரத் துறவி'. ஜெர்மன்ல 'டேர் மோன்ஷ் ஆம் மேர்'. 1808ல ஆரம்பிச்சு 1810ல முடிச்சாரு. ரொமான்டிக் ஓவியம்னு சொல்லுவாங்க, அந்த வார்த்தைய கேட்டதும் காதல் கீதல்னு நெனச்சுக்க வேண்டாம், பதினெட்டாம் நூற்றாண்டு முடிவுல ஐரோப்பாவுல அறிவு, ஒழுங்கு, கணக்குன்னு எல்லாத்தையும் அளந்துட்டு இருந்தப்ப, இல்ல மனுஷனுக்கு உள்ள ஒண்ணு இருக்கு, இயற்கை முன்னாடி நின்னா அது நடுங்குதுன்னு சொல்லிக் கெளம்பின ஆளுங்களோட காலம் அது.

அந்த சமயத்துல எனக்கும் எங்க அண்ணனுக்கும் பேச்சுவார்த்த நின்னு எட்டு மாசம் ஆகியிருந்துச்சு. என்ன காரணம்னு இங்க எழுதல, எழுதினா என் பக்கத்த மட்டும் சொன்ன மாதிரி ஆயிடும், அவன் பக்கமும் ஒண்ணு இருக்கு. விஷயம் என்னன்னா ராத்திரி லைட்ட அணைச்சதும் நான் மனசுக்குள்ளயே அவன்கூட பேச ஆரம்பிச்சுடுவேன், நான் இத சொன்னா அவன் அத சொல்லுவான், அதுக்கு நான் இத திருப்பிக் கேப்பேன், அவன் வாய மூடிடுவான், இல்ல எங்க மூடப்போறான் அவன் வேற பழச கிளறுவான், சரி அப்ப மறுபடி முதல்லேர்ந்து, இப்படியே மணி மூணு ஆயிடும். காலைல எந்திரிச்சா ஒரு வார்த்த கூட அவன்கிட்ட போய்ச் சேந்திருக்காது.

அதனாலயே அந்தப் புள்ளி மேல எனக்கு ஒரு பாசம் வந்துடுச்சு. இவனும் நம்மள மாதிரி தனியா நின்னு யோசிக்கற ஆளு, உலகத்துக்குப் புரியாத ஏதோ ஒண்ணு இவனுக்குப் புரிஞ்சிருக்கு, அதான் எல்லாரையும் விட்டுட்டு இங்க வந்து நிக்கறான். இப்படித்தான் எடுத்துக்கிட்டேன். போன் வால்பேப்பரா கூட வெச்சிருந்தேன், ஆனா ஆப் ஐகான் எல்லாம் அவன் மேலயே வந்து உக்காந்துக்கும், அவன் இருக்கற எடமே தெரியாது.

போன நவம்பர்ல வேலை விஷயமா மூணு வாரம் பெர்லின்ல இருக்க வேண்டி வந்துச்சு. ஒரு சனிக்கிழம ஹாக்கிஷர் மார்க்ட் ஸ்டேஷன்ல இறங்கி, ஷ்ப்ரே ஆத்துப் பாலத்தத் தாண்டி, மியூசியம் தீவுல இருக்கற ஆல்ட்டே நேஷனல்கேலரிக்குப் போனேன். கோயில் மாதிரி தூணெல்லாம் வெச்ச கட்டடம். ஃப்ரீட்ரிக் ரூம் மேல் மாடியில. நடுவுல இருந்த எதையும் நான் பாக்கல, நேரா மேல ஏறிட்டேன்.

படம் 171.5 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம். ஒரு ஆள் படுத்தா எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலம்னு வெச்சுக்கலாம். போன்ல பாத்தப்ப மேல இருக்கறது வெறும் வானம்னு கடந்து போயிட்டேன், நேர்ல அந்த வானம்தான் படமே, முக்கால்வாசிக்கும் மேல அதுதான் இருக்கு. அடியில கனமா ஒரு மூட்டம், மேல போகப்போக லேசா விட்டு விட்டு நீலம் தெரியுது, அது விடியக்காலமா அந்தி சாயற நேரமான்னு எவ்வளவு பாத்தாலும் சொல்ல முடியல. கடல் ஒடுக்கமா ஒரு கோடு மாதிரி, கிட்டப் போனா அங்கங்க வெள்ள வெள்ளயா சின்னச் சின்ன தீத்தல், அது அலையோட நுர. அதே அளவு தீத்தல் கொஞ்சம் மேல ஏறினா கடல்புறா. நுரைக்கும் பறவைக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், தூரிகைய எப்படித் திருப்பினார்ங்கறதுதான்.

அந்த ஆள் விரல் நீளம்தான் இருப்பான். நடுவுல கூட இல்ல, இடதுபக்கம் தள்ளி நிக்கறான். மணல் திட்டு அவன் நிக்கற பக்கம் லேசா மேடு தட்டி கடலுக்குள்ள மூக்க நீட்டுது. ஒரு விஷயம் அங்க நின்னப்பதான் கவனிச்சேன், மொத்தப் படத்துலயும் நேரா நிமிந்து நிக்கற ஒரே பொருள் அவன்தான். மத்ததெல்லாம் படுத்துக் கெடக்கு. மணல் படுத்திருக்கு, கடல் படுத்திருக்கு, மேகம் படுத்திருக்கு. அவன் ஒருத்தன எடுத்துட்டா மூணு பட்டை கலர்தான் மிச்சம். பின்னாடி இருபதாம் நூற்றாண்டுல மார்க் ராத்கோ பெரிய பெரிய கலர் பட்டையா வரைஞ்சாரு இல்லயா, ராபர்ட் ரோசன்ப்ளம்னு ஒரு கலை வரலாற்று அறிஞர் அவரையும் இந்தத் துறவியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு 1961லயே எழுதியிருக்காரு, அது ஏன்னு அந்த எடத்துல நின்னா யாரும் சொல்லாமலே புரியும்.

ஆனா ஆரம்பத்துல படம் இப்படி இல்ல. இதுதான் என்னை ரொம்ப ஆட்டிப்போட்ட விஷயம். 2013லேர்ந்து 2016 வரைக்கும் இந்தப் படத்த மியூசியத்துல எடுத்து வெச்சு சீர் பண்ணினாங்க, மேல மேல பூசி மஞ்சளாப் போயிருந்த பழைய வார்னிஷ எடுத்தாங்க. இன்ஃப்ராரெட்ல பாத்தா கடல் மேல பாய்மரக் கப்பல் தெரியுது. அவரு மொதல்ல கப்பல் போட்டிருக்காரு! அப்பறம் அவரே அத மூடிட்டாரு. வானத்தையும் மாத்தி மாத்தி வரைஞ்சிருக்காரு, அவரு பட்டறைக்கு வேற வேற சமயத்துல வந்தவங்க வேற வேற வானத்தப் பாத்துட்டுப் போயிருக்காங்க. ரெண்டு வருஷமா ஒருத்தரு ஒரே துணி முன்னாடி உக்காந்து சேக்கறத விட எடுக்கற வேலைய செஞ்சிருக்காரு.

ஒரு கப்பல் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவன் யாரையோ வழியனுப்ப வந்தவன் ஆயிடுவான், இல்ல யாருக்கோ காத்திருக்கறவன் ஆயிடுவான். நமக்கு ஒரு கதை கெடச்சிருக்கும், நம்ம கண்ணுக்கு போய் உக்கார ஒரு எடம் கெடச்சிருக்கும். அதத்தான் அவரு புடுங்கிட்டாரு. 1809ல அவரோட ஓவிய நண்பர் கூகெல்கனோட மனைவி மேரி ஹெலனே இந்தப் படத்த பட்டறையில பாத்துட்டு ஒரு கடிதத்துல பொலம்பியிருக்காங்க, புயல் இல்ல, சூரியன் இல்ல, நிலா இல்ல, ஒரு படகு இல்ல, ஒரு கடல் பூதமாவது இருந்திருந்தா ஆறுதலா இருந்திருக்கும்ங்கற அளவுக்கு. எனக்கு அந்த அம்மாவ ரொம்பப் புடிச்சுப்போச்சு. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்ம.

நம்ம நெய்தல் திணைய இங்க நெனைக்காம இருக்க முடியல. கடலும் கடல் சார்ந்த இடமும், உரிப்பொருள் இரங்கல். பிரிஞ்சு போனவன நெனச்சு கரையில நின்னு ஏங்கற மனசு. ஆனா நெய்தல் கரை எப்பவும் நெறஞ்சு கெடக்கும், புன்னை இருக்கும், தாழை இருக்கும், நண்டு ஓடும், நாரை நிக்கும், அவ தோழிகிட்ட பேசுவா, தோழி இல்லன்னா நாரைகிட்ட பேசுவா, அலைகிட்ட பேசுவா. பதில் வராட்டியும் கேக்கறதுக்கு ஏதோ ஒண்ணு இருக்கும். ஃப்ரீட்ரிக் கரையில புல்லு கூட இல்ல. அதே கடல், அதே தனிம, ஆனா இவன் யார்கிட்டயும் எதையும் சொல்ல வழி இல்ல.

1810 இலையுதிர் காலத்துல பெர்லின் அகாடமி கண்காட்சியில இது வந்துச்சு, கூடவே இதே அளவுல இன்னொரு படம், 'ஓக் மரக்காட்டு மடம்', இடிஞ்சுபோன கோயில் வாசல் வழியா துறவிங்க ஒரு சவப்பெட்டிய தூக்கிட்டுப் போறாங்க. இப்பவும் ரெண்டும் ஜோடியாத்தான் தொங்குது. வந்தவங்க நெறைய பேருக்கு ஒண்ணும் புரியல. ப்ரென்டானோ, ஆர்னிம்னு ரெண்டு எழுத்தாளருங்க படத்து முன்னாடி ஜனங்க பேசிக்கறத நக்கலா எழுதி அனுப்பினாங்க, பத்திரிக நடத்தின ஹைன்ரிஷ் ஃபோன் கிளைஸ்ட் அத வெட்டிச் சுருக்கி தன்னோட வரிகளையும் சேத்து அக்டோபர் 13ஆம் தேதி போட்டாரு. இந்தப் படத்தப் பாத்தா கண்ணிமைய வெட்டி எடுத்த மாதிரி இருக்குன்னு ஒரு வரி. பாக்காம இருக்க முடியாது, மூடிக்க இமை இல்ல. அதுலயே இன்னொண்ணும் வரும், நானே அந்தத் துறவி ஆயிட்டேன், படமே மணல்மேடு ஆயிடுச்சு, ஆனா நான் ஏக்கத்தோட பாக்க வேண்டிய அந்தக் கடலக் காணோம்ங்கற மாதிரி.

படத்த வாங்கினது ப்ரஷ்யா ராஜா மூணாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம். அவரா ஆசப்பட்டு வாங்கல, பட்டத்து இளவரசன் புடிவாதமா கேட்டதால வாங்கினாரு. அந்தப் பையனுக்கு அப்ப 15 வயசு. அந்த ஜூலையிலதான் அவங்க அம்மா, ராணி லூயிஸ, செத்துப்போயிருந்தாங்க. இத எந்த ஆராய்ச்சிக்காரங்க எப்படி எடுத்துக்கறாங்களோ, அம்மா போயி மூணு மாசம் கூட சரியா முடியாத ஒரு பையன் ஒரு பெரிய கண்காட்சி ஹால்ல இத்தன படத்துக்கு நடுவுல எது முன்னாடி நின்னு எனக்கு இது வேணும்னு கேட்டான்னு நெனச்சா எனக்குத் தொண்டைய அடைக்குது.

ஃப்ரீட்ரிக்கோட கதையும் அப்படித்தான். 1774ல பால்டிக் கடலோரம் கிரைஃப்ஸ்வால்ட்ல பொறந்தாரு, அப்ப அது ஸ்வீடன் ஆட்சியில இருந்த பொமெரேனியா. அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் காச்சி விக்கறவரு. 1781ல அம்மா போயிட்டாங்க, அடுத்த வருஷமே கூடப் பொறந்த ஒரு பொண்ணு. 1787ல, இவருக்கு 13 வயசு, தம்பி கிறிஸ்டோஃபர் பனிக்கட்டி ஒடஞ்சு தண்ணிக்குள்ள போயி செத்தான். ஒரு வயசுதான் சின்னவன். இவரக் காப்பாத்தப் போயித்தான் அவன் போனான்னு சொல்றாங்க.

இத நான் மியூசியம் கடையில வாங்கின புஸ்தகத்துல அன்னிக்கு சாயங்காலம் ரூம்ல உக்காந்து படிச்சேன். படிச்சிட்டு கொஞ்ச நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியல. கூடப் பொறந்தவன்கிட்ட சொல்ல நெனச்சத அவரு எங்க கொண்டு போயி சொல்லியிருப்பாரு.

அதே புஸ்தகத்துலதான் அந்தக் கடிதமும் இருந்துச்சு. ஃப்ரீட்ரிக் இந்தப் படத்தப் பத்தி அவரே எழுதினது. கரையில கருப்பு அங்கியோட ஒருத்தன் யோசனையில மூழ்கி நடக்கறான், கடல்புறாங்க பயந்துபோயி கத்திக்கிட்டு அவன சுத்துதுங்க, கொந்தளிக்கற கடல்ல எறங்கிடாதன்னு எச்சரிக்கற மாதிரி, அப்படின்னு சாதாரணமா ஆரம்பிக்குது. அதுக்கப்பறம் திடீர்னு அவன் பக்கம் திரும்பி அவன்கிட்டயே பேச ஆரம்பிச்சுடறாரு. நீ காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், சாயங்காலத்துலேர்ந்து நடுராத்திரி வரைக்கும் யோசிச்சாலும் அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உன்னால கண்டுபிடிக்க முடியாதுங்கறாரு. உன் காலடி மணல்ல ஆழமாத்தான் பதிஞ்சிருக்கு, ஆனா மெல்லிசா ஒரு காத்து அடிச்சா உன் தடம் இல்லங்கறாரு. வீண் அகந்தை புடிச்ச முட்டாள் மனுஷான்னே கூப்பிடறாரு.

எனக்கு ஒரு நிமிஷம் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நான் இத்தன நாளா இவன ஒரு ஞானி மாதிரி, எல்லாத்தையும் விட்டு ஒசந்தவன் மாதிரி வெச்சுக் கொண்டாடிட்டு இருக்கேன், வரைஞ்சவரு அவனப் பாத்து, போதும்டா, உன் யோசனைக்கு அந்தக் கடல் அசையாதுன்னு சொல்லியிருக்காரு. அதுவும் அந்தத் துறவி ஃப்ரீட்ரிக்கேதான்னு சொல்ற ஆராய்ச்சியாளருங்க இருக்காங்க, அவரோட சுயசித்திரங்கள்ல இருக்கற தலையோட ஒத்துப்போகுதுன்னு. அப்படின்னா அவரு திட்டினது அவரையேதான்.

அந்தத் திட்டுல வெறுப்பு இல்லங்கறதும் படத்தப் பாத்தாத்தான் தெரியும். வெறுத்திருந்தா அவனையும் கப்பலோட சேத்து அழிச்சிருக்கலாம். கப்பல் போச்சு, பழைய வானம் போச்சு, அவன மட்டும் விட்டு வெச்சிருக்காரு. விரல் நீளத்துக்கு, ஒரு ஓரமா.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஃப்ரீட்ரிக் படம் இன்னொண்ணு, மலை உச்சியில கைத்தடியோட நின்னு மூடுபனியப் பாக்கற ஆள், 1818 வாக்குல வரைஞ்சது, ஹாம்பர்க் குன்ஸ்ட்ஹாலேவுல இருக்கு. புஸ்தக அட்டையில எல்லாம் வரும். நல்ல படம்தான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா அவன் படத்துக்கு நட்டநடுவுல நிக்கறான், காலுக்குக் கீழ உலகம் கெடக்கு. அவன் முதுகப் பாத்தா நமக்கும் நெஞ்சு நிமிந்துக்கும். துறவியோட முதுகு அந்த வேலைய செய்யாது. ராத்திரி மூணு மணிக்கு எனக்கு ஒத்துப்போற முதுகு இதுதான்.

பெர்லின விட்டுக் கெளம்பறதுக்கு முந்தின நாள் மறுபடி போனேன். அந்த மியூசியத்துலயே கெர்ஸ்டிங்னு அவரோட நண்பர் வரைஞ்ச சின்ன படம் ஒண்ணு இருக்கு, ஃப்ரீட்ரிக் அவரு பட்டறையில நாற்காலி முதுகு மேல சாஞ்சு நின்னு, படம் வெச்சு வரையற மரச்சட்டத்துல இருக்கற படத்தப் பாக்கறாரு. அந்த ரூம்ல ஒண்ணுமே இல்ல. சொவத்துல தொங்கற கலர்ப் பலகையும் ஸ்கேலும், கீழ்ப்பாதிய அடைச்ச ஒரு ஜன்னல், அந்த ஜன்னல் வழியா வெறும் வானம். கப்பல அழிச்ச மாதிரியே ரூமையும் அழிச்சு வெச்சிருக்காருன்னு தோணுச்சு.

அதுக்கப்பறம் துறவிகிட்ட வந்து, காவலுக்கு நின்னவரு ஒரு பார்வ பாக்கற அளவுக்கு குனிஞ்சு, அவன் காலடிய தேடினேன். கடிதத்துல ஆழமா பதிஞ்சிருக்குன்னு எழுதியிருந்தாரே, அந்தத் தடம். அங்கியோட கீழ் ஓரம் எங்க முடியுது மணல் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுது, சாம்பலும் வெள்ளயும் மஞ்சளும் கலந்த மணல், அதுல தூரிகை போன வாக்கு கூட தெரியுது. தடம் ஒண்ணு கூட என் கண்ணுக்குத் தட்டுப்படல. காத்து ஏற்கனவே அடிச்சிட்டுப் போயிருக்கு.

வெளிய வந்தப்ப மணி நாலரை, இருட்டிடுச்சு. தூணுக்குக் கீழ படியில நின்னு, ரூம்ல எடுத்த போட்டோவ அண்ணனுக்கு அனுப்பினேன். கீழ என்ன எழுதறதுன்னு தெரியல, இத்தன மாசமா ராத்திரி ராத்திரி தயார் பண்ணி வெச்சிருந்ததுல ஒரு வரி கூட அந்த எடத்துக்குப் பொருந்தல, அதனால ஒண்ணும் எழுதாம வெறும் படத்த மட்டும் அனுப்பினேன்.

ட்ரெயின்ல ஏறினதுக்கு அப்பறம் பதில் வந்துச்சு. "கீழ கருப்பா ஒண்ணு இருக்கே, ஆளா?"

ஆமாண்ணா, ஆள்தான்னு போட்டேன்.